கா என்றால் காற்று

ஜூன் 10, 2018, ஞாயிறு

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை எழுதும்போது என் மூக்கின் மேல் இருப்பது என் மனைவி ரெபேக்காவின் கண்ணாடி. ரோஜா நிற ஃபிரேம், ஓரத்தில் ஒரு பூ வேறு. என்னுடைய கண்ணாடி மேல் வெள்ளிக்கிழமை நானே உட்கார்ந்துவிட்டேன். ரெபேக்கா பார்த்துவிட்டு, "உன் மூஞ்சிக்கு இதான்யா எடுப்பா கீது" என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என் மூஞ்சியைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

இன்று கடையில் இரண்டு நோட்டு வாங்கினேன். தாரணி என்று ஒரு பெண் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாளாம், ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். "அந்தக் காலத்துல சுரங்கத்துக்குள்ள நடந்தது எது ஞாபகம் வந்தாலும் எழுதி வைங்ணா" என்றாள். அதற்கு ஒரு நோட்டு. அவளிடம் சொல்லக்கூடாததை எழுத இன்னொரு நோட்டு. இது இரண்டாவது.

என் பெயர் மாசிலாமணி. வயது ஐம்பத்து மூன்று. படிப்பு ஐந்தாம் வகுப்பு, ஆனால் அதை மூன்று முறை படித்தேன், ஆகவே கூட்டினால் ஏழு. எங்கள் ஊரில் தங்கம் எடுத்தார்கள். பூமிக்குள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், தங்கம் தீர்ந்துபோன ஒரு குகையில், விஞ்ஞானிகள் வந்து ஒரு மெஷின் கட்டினார்கள். அதில் நான் ஹெல்ப்பராக இருந்தேன். அதனால் இன்றைக்கும் லைனில், அதாவது கம்பெனி கட்டிக்கொடுத்த இந்த வரிசை வீடுகளில், எனக்குப் பெயர் புரோட்டான் மணி. சுரங்கத்தை மூடிப் பதினேழு வருஷம் ஆகிறது. பெயரை மட்டும் யாரும் மூடவில்லை.

ஜூன் 11, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். காலை ஐந்தரை வண்டி. ஊரில் பாதிப் பேர் இதில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறோம். நான் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் லிஃப்ட் ஆப்பரேட்டர். அன்றும் மேலே கீழே, இன்றும் மேலே கீழே. அன்று சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறினால் காது அடைக்கும், இங்கே ஏறினால் சென்ட் வாசனையில் மூக்கு அடைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்தில் கன்னியப்பன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அவனும் அந்தக் காலத்து ஹெல்ப்பர்தான், இன்றைக்கும் அடுத்த வீடு. ஒரு கடலையை வாயில் போட்டுப் பார்த்தேன். மென்றான். விழிக்கவில்லை.

தாரணி நோட்டில் எழுத வேண்டியதை இங்கே ஒரு தடவை ஒத்திகை பார்க்கிறேன். உலகத்தில் எல்லாம் சாகும், புரோட்டான் மட்டும் சாகாது என்று நம்பிக்கொண்டிருந்தார்களாம். எல்லாப் பொருளுக்குள்ளும், என் மூக்குக்குள்ளும் இருக்கிற துளி அது. அதுவும் சாகும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். அது மட்டும் நிஜமானால் படித்ததையெல்லாம் திருத்தி எழுத வேண்டுமாம். ஆனால் ஒரு புரோட்டான் சாக, ஒன்றுக்குப் பின்னால் முப்பது சைபர் போட்ட வருஷம் ஆகும். யார் உட்கார்ந்து பார்ப்பது? மெஷின் கட்டிய விஞ்ஞானிகளுக்குத் தலைவரான ஸ்ரீவத்ஸன் சார் எனக்கு இப்படித்தான் சொன்னார்: "ஒரு கிழவன் எப்போ போவான்னு அவன் வீட்டு வாசல்ல நிக்காதே மணி. பெரிய ஊரா பார்த்து மொத்த ஊரையும் கவனி. வாரம் ஒண்ணு விழும்."

அந்த ஊர்தான் எங்கள் இரும்பு. தகடு மேல் தகடாக மாடி வீட்டு உயரத்துக்கு அடுக்கினோம். தகடுகளுக்கு நடுவே நீள நீளக் குழாய்கள். உள்ளே ஏதாவது ஓடினால் குழாய் கத்தும். வானத்திலிருந்து விழுகிற துகளெல்லாம் இரண்டு கிலோமீட்டர் பாறையில் நின்றுவிடும் என்பதால் அவ்வளவு ஆழம்.

ஸ்ரீவத்ஸன் சாருக்கு இப்போது எண்பத்தாறு வயது. பெங்களூரில்தான் இருக்கிறார் என்று தாரணி சொன்னாள். தெரியும். நான் வேலை பார்க்கிற இடத்திலிருந்து இரண்டு பஸ். போக நேரம் இருந்ததில்லை.

ஜூன் 17, ஞாயிறு

கறி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் தாரணி வந்து உட்கார்ந்திருந்தாள். ரெபேக்கா அவளுக்கு என் கல்யாண ஆல்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்.

தாரணி பெரிய பதிவேடு மூன்று கொண்டுவந்திருந்தாள். நாங்கள் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் எழுதியது. அந்த மெஷினின் பழைய கணக்கையெல்லாம் சாரோடு சேர்ந்து மறுபடி பார்க்கிறாளாம். கனமான அட்டை, ஓரத்தில் கரப்பான் கடித்த தடம். திறந்தவுடன் ஒரு வாசனை வந்தது பாருங்கள், கார்பைடு விளக்கும் ஈரப் பாறையும் கலந்தது. பதிவேட்டை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ரெபேக்கா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி பண்ண இவர, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள்.

வாயு அழுத்தம் எவ்வளவு, வோல்ட் எவ்வளவு என்று நான் எழுதிய எண்கள். என் ஏழு எப்போதும் ஒன்று மாதிரி இருக்கும் என்பதால் சார் பக்கத்தில் சிவப்பில் குறுக்குக் கோடு போட்டிருப்பார். அந்தக் கோடுகளும் அப்படியே இருந்தன.

தாரணி விரலை ஓரத்தில் வைத்தாள். "அண்ணா, இங்க அங்கங்க 'கா'ன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்து, கன்னியப்பண்ணன் கையெழுத்து, எல்லாத்துலயும் இருக்கு. சில நாள் இருக்கு, சில நாள் இல்ல. என்னங்ணா இது?"

"காற்று" என்றேன்.

"காத்துங்களா?"

"ஆமாம்மா. காத்து வர்ற வழியத் தொறந்து பார்த்தா கா போடுவோம்."

அவள் எழுதிக்கொண்டாள். அழகான கையெழுத்து.

காற்று இல்லை. காயுது. எங்கள் குகைக்குப் போகிற சுரங்க வழியில் சூடு எப்படி இருக்கும் என்றால், பனியனைப் பிழிந்தால் தேநீருக்குத் தண்ணீர் தேறும். ஆனால் மெஷின் இருந்த குகைக்கு மட்டும் குளிர்காற்று விட்டிருந்தார்கள். உள்ளே போனதும் ஈரப் பனியனைக் கழற்றி மெஷினின் மேலடுக்கில், வடக்குத் தூண் ஓரமாகக் காயப்போட்டால் ஷிஃப்ட் முடிவதற்குள் சலவைக்காரன் கொடுத்த மாதிரி இருக்கும். இடம் ஒன்று, ஹெல்ப்பர் நான்கு பேர். சண்டை வந்தது. பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி, பதிவேட்டில் யார் முதலில் 'கா' என்று எழுதுகிறானோ அவனுக்கு அன்றைக்கு இடம் என்று முடிவு செய்தோம். விஞ்ஞானிகள் யாரும் கேட்டதில்லை. தமிழில் எழுதியதை யார் படிப்பது என்று வெளியூர்க்காரர்கள் விட்டுவிட்டார்கள். சாருக்குத் தமிழ் தெரியும், ஆனால் அவர் எண்களை மட்டும்தான் பார்ப்பார்.

ஜூன் 18, திங்கள்

காற்று. நல்ல வார்த்தை. யாருக்கும் கெடுதல் இல்லை.

ஜூன் 27, புதன்

நான்காவது மாடியில் நிற்கும்போது தாரணி போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"அண்ணா! உங்க காத்து இருக்குதுல்லீங்ணா, அதுல ஒரு விஷயம் மாட்டிருக்கு! 'கா' போட்ட நாள்லயெல்லாம் மேலடுக்குல பதினாலாம் குழாயிலிருந்து பதினேழு வரைக்கும் நாலு மடங்கு கத்துது. மத்த நாள்ல இல்ல. மத்த குழாயிலயும் இல்ல. எண்பத்தெட்டு மார்ச்சுக்கு அப்புறம் கா நிக்குது, கத்தறதும் நிக்குது!"

"அப்படியா" என்றேன். லிஃப்டில் இருந்த அம்மாள் என்னை முறைத்தாள். ஆறாவது மாடி கேட்டிருந்தாள் போல.

"பாறைக்குள்ள இருந்து ரேடான்னு ஒரு வாயு கசியும்ணா. நீங்க காத்து வழியத் தொறந்தப்பெல்லாம் அது உள்ள வந்திருக்கு. இதுவரைக்கும் யாருமே கவனிக்கல. கட்டுரையில தனியா ஒரு பகுதியே எழுதப் போறேன். சார் கிட்ட சொன்னேன், படுக்கையில இருந்து எழுந்து உட்கார்ந்துட்டாரு."

படுக்கையா என்று கேட்டேன். ஆமாம், ஏப்ரலிலிருந்து என்றாள். நுரையீரல்.

எண்பத்தெட்டு மார்ச்சில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பம்பாயிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். கன்னியப்பனின் பனியன் மேலடுக்கில் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு இந்தியிலும் இங்கிலீஷிலும் குதித்தார். அந்த மூலையில் மின்சாரம் எக்கச்சக்கம், ஈரம் பட்டால் குழாய் ஒன்றும் ஓடாமலே சும்மா கத்தும் என்றார். கன்னியப்பன் என்னைக் கேட்டான், "இன்னா சொல்றாரு?" நான் சொன்னேன், "உன் பனியன் சைஸ் கேக்கறாரு."

அதோடு கா நின்றது.

மாலையில் கன்னியப்பனிடம் இதைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறி, "நம்ம வேர்வைக்கு ரேடான்னு பேர் வெச்சுட்டாளா!" என்றான். நானும் சிரித்தேன். பிறகு அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஜூலை 1, ஞாயிறு

காலையில் தண்ணீர் வந்தது. பதினொரு குடம். சர்ச்சுக்குப் போகவில்லை. ரெபேக்கா போனாள், எனக்கும் சேர்த்து உட்கார்ந்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

1986 அக்டோபர் 14. செவ்வாய்க்கிழமை. தாரணி நோட்டில் இதை எழுதவில்லை.

அன்று காலை ஷிஃப்டில் ஹெல்ப்பர் நான் ஒருவன்தான். சாரும் நானும் ஒரே கேஜில் இறங்கினோம். கீழே, குகைக்கு இருநூறு அடி முன்னால், ஓரத்து வாய்க்கால் மேல் போட்ட பலகை வழுக்கி சார் கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நாக்கைக் கடித்ததில் ரத்தம் வந்தது. சாரே சொன்னார், "சிரிச்சுத் தொலைடா, வயிறு வெடிச்சுடப் போறது." சட்டையை வாங்கிப் பிழிந்து காயப்போட்டேன். சார் பனியனோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். கம்பி மாதிரி கை. அந்தக் கையா இத்தனை பெரிய கணக்குப் போடுகிறது என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு மெஷின் கத்தியது. தாள் வந்தது. புள்ளி புள்ளியாக. சார் அதை எடுத்துக்கொண்டு விளக்கடிக்குப் போனார். அசையவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். ஐந்தாம் வகுப்புக்காரனைக் கூப்பிட்டார், வேறு ஆள் இல்லாததால்.

"மணி, இதோ பார். நட்ட நடுவுல ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு பக்கமும் பிரிஞ்சு ஓடியிருக்கு. வெளியில இருந்து எதுவும் வரலை. உள்ளேயே பிறந்து உள்ளேயே முடிஞ்சிருக்கு."

"செத்துப்போச்சா சார்?"

"செத்துப்போச்சுன்னுதான் நினைக்கறேன்." டிபன் டப்பாவைத் திறந்து, எனக்கு இரண்டு இட்லி கொடுத்தார். "சாவுச் சாப்பாடு" என்றார். குகை முழுக்கச் சிரித்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வேறு இல்லை. கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ரெபேக்கா இதைப் படிக்காமல் இருக்கட்டும்.

சாயங்காலம் மேலே போய், பெரிய தாளில் எல்லாக் குழாய்களையும் குறித்தார். மேலடுக்கில் பதினாறாம் குழாய் அதே நொடியில் கத்தியிருந்தது. மேலடுக்கு என்றால் மெஷினுக்கு வாசல் மாதிரி. வாசலில் சத்தம் கேட்டால், வந்தவன் வெளியாள். வீட்டுக்குள் விழுந்த சாவு இல்லை, வெளியிலிருந்து வந்த விருந்தாளி. சார் அந்தத் தாளில் சிவப்பு மசியால் குறுக்காக ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்துப் போட்டார். அதுதான் எனக்கு மறக்கவில்லை. கோபமாக ஒரு மனிதன் ஸ்கேல் எடுக்க மாட்டான்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் காத்திருந்தார். அது மாதிரி இன்னொன்று வரவில்லை. வெளிநாட்டில் பெரிய பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியவர்களுக்கும் வரவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

தாரணி பதிவேடு மூன்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். தமிழில் இருக்கிற குறிப்புகளைத் தெளிவாக எழுதித்தரச் சொன்னாள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"சார் எல்லாக் கணக்கையும் விட்டுட்டாருங்ணா. ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பக் கேக்கறாரு, எண்பத்தாறு அக்டோபர் பதினாலு. பதினாறாம் குழாய் மட்டும் பொய்யாக் கத்தியிருந்தா, அந்த ஒண்ணு நிக்கும். நான் ஆசையாப் போய்ப் பார்த்தேன். அன்னிக்கு 'கா' இல்ல. கா இருந்திருந்தா அந்தக் குழாயை நம்பாதீங்கன்னு தைரியமா எழுதியிருப்பேன்."

"இல்லையா" என்றேன்.

"இல்லீங்ணா. காலியா இருக்கு."

அவள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் பதினான்கு, காலை ஷிஃப்ட். என் கையெழுத்து. ஓரம் காலி. ஹெல்ப்பர் பனியனுக்கு கா போடலாம். சாருடைய சட்டைக்கு எப்படிப் போடுவது?

ஜூலை 10, செவ்வாய்

இங்க் பேனாவும் ஒரு பாட்டில் நீலக் கறுப்பு மசியும் வாங்கினேன். ரெபேக்கா, "இன்னாயா, கலெக்டர் பரீட்சையா?" என்று கேட்டாள். பேத்திக்கு என்றேன்.

எங்களுக்குப் பேத்தி இல்லை.

ஜூலை 12, வியாழன்

குக்கருக்கு புது வாஷர் போட்டேன். பதிவேட்டு வேலை முடிந்தது.

ஜூலை 15, ஞாயிறு

தாரணி வந்தாள். ரெபேக்கா சுண்டல் வைத்தாள். தாரணி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தில் நின்றாள். சுண்டலை மெல்லுவதையும் நிறுத்தினாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து எதையோ தேடி, பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, நான் முதல்ல ஒரு வேலை செஞ்சுட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துட்டேன்."

போனில் இருந்த பக்கத்தில் ஓரம் காலி. பதிவேட்டில் இருந்த பக்கத்தில் கா. நல்ல நீலமாக, நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி.

"முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு ஒரு கா முளைச்சிருக்குது" என்றாள்.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். மழை பெய்தால் முளைக்கும் என்று வாய் வரைக்கும் வந்தது. சுண்டலோடு விழுங்கினேன்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதுல மொத்தம் நூத்தி நாப்பத்தி மூணு கா இருக்குங்ணா. ஒண்ணு பொய்யின்னா மத்த நூத்தி நாப்பத்தி ரெண்டையும் யார் நம்புவா? போட்டோ மட்டும் இல்லாம இருந்திருந்தா, என் ரெண்டு வருஷ வேலை போயிருக்கும். சாரோட பேரும் போயிருக்கும். ஏங்ணா?"

ரெபேக்கா உள்ளிருந்து வந்து நின்றாள். "சொல்லுய்யா. ஒரு மாசமா இந்த ஆளு தூக்கத்துல சட்டை சட்டைன்னு உளர்றாரு. நான் எவளோ டைலர்காரின்னு நெனச்சுகினு கீறேன்."

சொன்னேன். கா என்றால் காற்று இல்லை என்று ஆரம்பித்து, பனியன், துண்டு போட்டு இடம் பிடித்தது, பம்பாய் எஞ்சினியர் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னியப்பனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவன் வந்து, "ஆமாம்மா, என்னுதுதான் நெறைய சொட்டும்" என்று பெருமையாகச் சொன்னான். தாரணி முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியது. "ரேடான்! கடவுளே, ரேடானைப் பத்தி பதினோரு பக்கம் எழுதியிருக்கேன்!" சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அக்டோபர் பதினான்கைச் சொன்னேன். சார் வாய்க்காலில் விழுந்தது. சட்டையை நான் வாங்கியது. வடக்குத் தூண் ஓரம், மேலடுக்கு, பதினாறாம் குழாய்க்கு மேலே அதைப் போட்டது. சாருடைய சட்டை என்று, என் பனியனைக்கூட அங்கே போடாமல் நல்ல இடமாகப் பார்த்துப் போட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

"எஞ்சினியர் சொன்ன அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுது. சார்கிட்ட எப்படிச் சொல்றது? உங்க சட்டைதான் சார் உங்க புரோட்டானை வெளியாளாக்கிடுச்சுன்னா?" என்றேன். "அப்பவே சொல்லியிருந்தா ஒண்ணும் இல்ல. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். நாளைக்கு நாளைக்குன்னு..."

"அதான் பக்கத்துலயே வேலை செஞ்சும் போய்ப் பார்க்கலயா?" என்றாள் தாரணி.

ரயிலைப் பற்றி ஏதோ சொன்னேன்.

அவள் பேனாவை எடுத்து, நான் போட்ட காவுக்குப் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, 'இது 2018இல் சேர்க்கப்பட்டது' என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். போகும்போது ரெபேக்காவிடம், "அக்கா, அண்ணனோட பழைய பனியன் ஒண்ணு குடுங்க. ஸ்டோர்ல அந்தக் குழாய் ரெண்டு இன்னும் இருக்கு. நனைச்சுப் போட்டுப் பார்க்கணும்" என்றாள்.

"ஓட்டை இல்லாததா வேணும்மா? அது இல்லையே" என்றாள் ரெபேக்கா.

ஜூலை 19, வியாழன்

தாரணியிடமிருந்து செய்தி: "கத்துது!!!" மூன்று ஆச்சரியக்குறி. அதற்குக் கீழே: "ஞாயிறு சார் வீட்டுக்கு வாங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

ஜூலை 22, ஞாயிறு

ரயிலில் இறங்கி இரண்டு பஸ் மாறினேன். பதினேழு வருஷமாகப் பெரிய தூரமாக இருந்தது, இன்று முப்பத்தைந்து நிமிஷம்தான் ஆனது.

சார் ஜன்னல் ஓரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "யாருடா இது, ரோஸ் கண்ணாடி போட்டுண்டு?"

"புரோட்டான் மணி சார்."

"அடப்பாவி. இன்னும் ஏழை ஒண்ணு மாதிரித்தான் எழுதறயா?"

தாரணி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பாதியில் நிறுத்தினால் மீதி வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். புதிதாக கா போட்டதையும் சொன்னேன்.

"என் சட்டையா?" என்றார்.

"ஆமாம் சார். வெள்ளையில நீலக் கோடு."

"என்னோட சட்டை." கண்ணை மூடிக்கொண்டார். மார்பு குலுங்கியது. தாரணி பயந்து எழுந்தாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சிரிப்பு. இருமலும் சிரிப்பும் மாறி மாறி வந்தது. "அன்னிக்குப் பூரா நான் பனியனோட உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சட்டை மொறுமொறுன்னு வந்தது. போட்டுண்டேன். எங்கே காய்ஞ்சுதுன்னு கேட்டேனா? உலகத்துல அத்தனை கேள்வி கேட்டேன், இதைக் கேட்கலை."

"என்னை மன்னிச்சிடுங்க சார்."

"நான் வாய்க்கால்ல விழுந்ததுக்கு நீ எதுக்குடா மன்னிப்புக் கேட்கறே?"

தாரணி மெதுவாகக் கேட்டாள், "சார், அப்போ அந்த நிகழ்ச்சியைச் சேர்த்துடலாமா? கோடு தப்புதானே?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இதற்காகத்தானே மசி வாங்கினேன். சேர்த்துக்கொள் என்று சொல்லிவிடுவார் என்று வேண்டிக்கொண்டேன்.

"சேர்க்காதே. அன்னிக்குப் பதிவேட்டுல கா இல்லை. மணி சொல்றது நிஜம், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியறது கணக்கு இல்லை." மூச்சு வாங்கினார். "சட்டை இருந்ததுங்கறதால குழாய் பொய் சொல்லித்துன்னு ஆகாது. சொல்லியிருக்கலாம். ஆனா அந்தக் கோடு இருக்கே, அதை எடுத்துடு. பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடு. கீழே சட்டையைப் பத்தி எழுது. மறைக்காம எழுது, யாரோடதுன்னு."

"கேள்விக்குறி மட்டும் போதுங்களா சார்?"

"முப்பத்திரண்டு வருஷமா அது 'இல்லை'ன்னு கிடந்தது. இப்போ 'தெரியலை'ன்னு ஆயிருக்கு. எவ்வளவு பெரிய பிரமோஷன்!" என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் அன்றைய குகையில் விளக்கடியில் பார்த்த முகமாக இருந்தது. "இட்லி சாப்பிடறயா மணி?"

சாப்பிட்டேன். நான்கு. சமையல்கார அம்மாள் கேட்டாள், இன்னும் இரண்டு வைக்கட்டுமா என்று. சார், "வை, இவன் அப்பவே வேண்டாம்னு சொல்ல மாட்டான்" என்றார்.

ஜூலை 29, ஞாயிறு

சார் வீடு. சீட்டாடினோம். அவர் ஏமாற்றுகிறார்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

சார் வீடு. ஷேவ் செய்துவிட்டேன். தாரணி கட்டுரையைப் படித்துக் காட்டினாள், சார் இரண்டு இடத்தில் காற்புள்ளி மாற்றினார்.

ஆகஸ்ட் 29, புதன்

தாரணி போன் செய்தாள். இன்று எதுவும் எழுதவில்லை.

நவம்பர் 18, ஞாயிறு

தாரணி கட்டுரையை அச்சில் கொண்டுவந்தாள். முப்பத்தோரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். சார் பெயருக்கு மேலே ஒரு குட்டிச் சிலுவை போட்டிருந்தார்கள். "எங்க சாருக்கு எதுக்கும்மா சிலுவை? நானே இன்னும் வாங்கல" என்றேன். "போனவங்களுக்கு அப்படித்தான் போடுவாங்கண்ணா" என்றாள். ரெபேக்கா சுண்டல் தட்டைக் கொண்டுவந்து வைத்து, "அந்த மனுசனுக்கு ரெண்டு பக்கத்து வாசலும் தொறக்கட்டும், போ" என்றாள்.

பதினெட்டாம் பக்கத்தில், புரோட்டான் சாவாக இருக்குமோ என்று எப்போதாவது சந்தேகப்பட்டவற்றின் பட்டியல். ஐந்து வரி. நான்கு வரிக்கு எதிரே 'இல்லை'. ஒரு வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. தாரணி விரல் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்: அன்று முதன்மை ஆய்வாளரின் ஈரச் சட்டை வடக்குத் தூண் அருகே உலர்ந்துகொண்டிருந்ததாக, பணியில் இருந்த திரு. இ. மாசிலாமணி தெரிவித்திருக்கிறார்.

"'திரு' போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேங்ணா."

இங்கிலீஷில் அது எந்த இடம் என்று காட்டச் சொன்னேன். காட்டினாள். பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

அவள் போன பிறகு அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து மாட்ட முடிவு செய்தேன். சட்டம் கனமாக இருந்ததால் கடையில் ஐந்து அங்குல ஆணி கொடுத்தான். லைன் வீட்டுச் சுவர் நான்கு அங்குலம். நன்றாக அடித்தேன். மறுபக்கம் கன்னியப்பன் வீட்டில் ஆணி முனை வெளியே வந்துவிட்டது. பிடுங்கிவிடுகிறேன் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவன் அதில் குடையை மாட்டிவிட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்கிறான்.